இதே நாளில் விழுந்தவன்

பொதுமக்களுக்கு இதனால் தெரிவிப்பது யாதெனில்: உலகம் தோன்றியது முதல் வந்துபோன நாட்களிலெல்லாம் ஒப்புயர்வற்ற நாள் பத்தொன்பதாம் தேதிதான். எந்த மாதத்துப் பத்தொன்பது என்று கேட்பவர்கள் பத்திரிகை படிக்காதவர்கள். அவர்களுக்காக வரலாறு காத்திருக்காது.

அந்த நாளில்தான் ஒரு மன்னன் தன் மூன்று தம்பிகளின் கண்களைத் தோண்டி எடுத்துவிட்டு, கை கழுவிய ஈரம் காய்வதற்குள் பார்வையற்றோர் விடுதிக்கு அடிக்கல் நாட்டினான். அந்த நாளில்தான் ஒரு மாபெரும் தளபதி பிறந்தான். பிற்காலத்தில் அவன் கொளுத்திய ஊர்களில் அவனுக்குத் தொப்புள்கொடி அறுத்த மருத்துவச்சியின் ஊரும் ஒன்று. அந்த நாளில்தான் ஒரு கால்பந்து இறுதியாட்டத்தில், தப்பாக விசில் ஊதிய நடுவரை அந்த விசிலையே விழுங்க வைத்தார்கள் ரசிகர்கள். அந்த நாளில்தான் அறுவை சிகிச்சைக் கத்தியைச் செப்பம் செய்த ஒரு மேதையும், குரலினிமை மிக்க ஒரு பாடகியும் பிறந்தார்கள். கடைசியாக, அந்த நாளில்தான் எங்கள் நகர விளையாட்டரங்கில் 'தூண்' என்கிற குத்துச்சண்டை வீரர் 'சுத்தியல்' என்கிறவரை நான்காம் சுற்றில் வீழ்த்தி நகரக் கோப்பையைக் கைப்பற்றினார்.

இவ்வளவும் எங்கள் ஊர் நாளிதழின் ஆறாம் பக்கத்தில், 'இதே நாளில்' என்ற தலைப்பின் கீழ், வருடம் தவறாமல் வருகிறது. இதில் கடைசிச் செய்தி பொய். மற்றவை எப்படியோ, அந்த மூன்று தம்பிகளைக் கேட்டால்தான் தெரியும்.

நடந்தது இதுதான். நான்காம் சுற்றில் தூணின் வலக்கை சுத்தியலின் காதில் இறங்கியது உண்மை. காதுமடல் பாதி கிழிந்து தொங்கியது. பல்லுறை வாயைவிட்டுப் பறந்து முன்வரிசையில் ஒருவர் மடியில் விழுந்தது. சுத்தியல் மல்லாந்தான். தூண் இரண்டு கைகளையும் உயர்த்தினான். பத்திரிகையின் போட்டோகிராபர் அந்த நொடியைப் படம் பிடித்தார். அருமையான படம். பிடித்த கையோடு அரங்கின் பின்பக்கம் விருந்தினர்களுக்கு வைத்திருந்த சாப்பாட்டை நோக்கி நடந்தார். லேட்டாகப் போனால் கறி தீர்ந்து குழம்புதான் மிஞ்சும் என்பது அவர் தொழிலில் கற்ற முதல் பாடம். விளையாட்டு நிருபர் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார்.

அவர்கள் மென்றுகொண்டிருந்தபோது சுத்தியல் எழுந்தான். ஆறாம் சுற்றில் தூணின் மூக்கை அவன் கன்னத்தின் பக்கம் குடிபெயர வைத்தான். பிறகு விலாவில் ஒன்று. உள்ளே காய்ந்த சுள்ளி முறிந்தது போல ஒரு சத்தம். கடைசிக் குத்து நெற்றிப்பொட்டில். அதில் தூண் மரம் போலச் சாய்ந்தான், சுத்தியலின் வலக்கை விரல் முட்டிகள் நான்கும் நொறுங்கின. தூணை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "யாரு ஜெயிச்சா?" கோப்பை சுத்தியலுக்குக் கிடைத்தது. நொறுங்கிய வலக்கை அதன்பிறகு மூடவே இல்லை. உடைந்த கையால் கோப்பையைப் பிடிக்க முடியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனான். அவன் ஆடிய கடைசி ஆட்டம் அது. வாழ்நாளில் அவன் வென்ற ஒரே பெரிய விஷயமும் அதுதான்.

மூக்கு கோணிய தூண் ஒரு நல்ல காரியம் செய்தான். "என்னைச் சாய்ச்சவனுக்குத்தான் என் தங்கச்சி" என்று சொல்லி, தங்கையைச் சுத்தியலுக்கே கட்டிக் கொடுத்தான். இரண்டு பேரும் மச்சான் மாப்பிள்ளை ஆனார்கள்.

பிறகுதான் 'இதே நாளில்' பகுதி பிறந்தது. அதை எழுதுகிற உதவி ஆசிரியருக்கு அலுவலகத்தில் 'வரலாறு' என்று பெயர். "வரலாறு டீ குடிக்கப் போயிருக்கு", "வரலாறு இன்னைக்கு லீவு, வயித்துப்போக்கு" என்றெல்லாம் அங்கே சர்வசாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். அவருக்கு ஒரு கொள்கை உண்டு: நம் பத்திரிகையில் வராதது உலகத்தில் நடக்கவில்லை. ஆகவே உள்ளூர் விஷயமென்றால் பழைய படங்களை மட்டும்தான் புரட்டுவார். தூண் நிற்கிறான், சுத்தியல் கிடக்கிறான், படத்தின் பின்னால் 'நான்காம் சுற்று' என்று எழுதியிருக்கிறது. நிற்பவன் ஜெயித்தவன், கிடப்பவன் தோற்றவன். இதில் ஆராய்ச்சி என்ன வேண்டிக்கிடக்கிறது? எழுதினார். அடுத்த வருடம் அதையே வெட்டி ஒட்டினார். அதற்கடுத்த வருடம் ஒட்டியதை வெட்டி ஒட்டினார்.

ஆட்டம் நடந்த அன்று மழை. அரங்கில் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். பத்திரிகையைப் பார்த்தவர்கள் ஊர் முழுக்க. சில வருடங்களில், நேரில் பார்த்தவர்களே "நாலாவது சுத்துல என்னா அடி!" என்று தலையாட்ட ஆரம்பித்தார்கள். தூணுக்கு நகராட்சி உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. நீல நிற டிராக்சூட், கழுத்தில் விசில். சுத்தியலுக்கு ஐஸ் பாக்டரியில் வேலை. மூடாத கையில் இரும்புக் கொக்கியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, ஆள் நீளப் பனிப்பாளங்களைத் தொட்டியிலிருந்து இழுத்து லாரியில் ஏற்ற வேண்டும். குளிர் ஏறினால் நொறுங்கிய முட்டிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக வலிக்கும். பத்தொன்பதாம் தேதி வந்தால் சக தொழிலாளிகளுக்குக் கொண்டாட்டம்.

"ஈரத் தரைப்பா, பாத்து நட. விழுந்துடப் போற, போட்டோ எடுத்துடுவாங்க."

வீட்டு அலமாரியில் நின்ற கோப்பைக்கும் ஊர் ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தது: தங்கை கல்யாணத்துக்கு அண்ணன் கொடுத்த பரிசாம்.

இதையெல்லாம்கூட அவன் பொறுத்துக்கொண்டான். கல்லைத்தான் பொறுக்க முடியவில்லை.

மேயர் பிறந்ததும் பத்தொன்பதாம் தேதிதான். இதை அவர் ஆறாம் பக்கத்தில் தேடிப்பார்த்தார். தளபதி இருக்கிறான், பாடகி இருக்கிறாள், தன்னைக் காணோம். மனம் வெதும்பினார். அந்த நாளோடு தன்னை நிரந்தரமாக ஒட்டிவைக்க ஒரு வழி யோசித்தார். விளையாட்டரங்க வாசலில் ஒரு கருங்கல்: 'இங்கேதான், இதே நாளில், தூண் சுத்தியலை வீழ்த்தினார்.' அதன் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், திறந்து வைத்தவர் பெயரும் அவருடைய பிறந்த தேதியும்.

இந்தச் செய்தியைச் சொல்லத் தூணே வீட்டுக்கு வந்தான். சுத்தியல் அப்போதுதான் வேலை முடித்து வந்து கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மாப்ளே, நீயும் வரணும். மேடையில உனக்கும் ஒரு நாற்காலி சொல்லியிருக்கேன். விழுந்தவரும் பக்கத்துல இருந்தா விழா எடுப்பா இருக்கும்னு மேயர் பிரியப்படறாரு."

சுத்தியல் கையை வெந்நீரில் இன்னும் ஆழமாக அமுக்கினான். அவன் மனைவிதான் கேட்டாள்.

"அண்ணே, உன் மூக்கு எப்படிக் கோணிச்சு?"

"அது எதுக்கும்மா இப்ப?"

"சும்மா சொல்லு. கதவுல இடிச்சுக்கிட்டியா?"

"நீ வேற. நானா பேப்பர்ல போடச் சொன்னேன்? அவனா போட்டான், நான் வேண்டாங்கல, அவ்வளவுதானே. இப்பப் போயி நான் தோத்தவன்னு சொன்னா என் வேலை என்னாகும்? டிராக்சூட்டைக் கழட்டிக் குடுன்னுவான்."

"குடுத்துடு. அதுல உன் தொப்பைதான் தெரியுது."

"மச்சான்," என்றான் சுத்தியல். "பேப்பர்ல வந்தா மறுநாள் அதுல எதையாவது மடிச்சுடுவாங்க. கல்லுல வெட்டினா அப்படியே நிக்கும். நான் செத்த பிறகும் தினம் அந்த வாசல்ல விழுந்து கிடக்கணுமா?"

"உணர்ச்சிவசப்படாத மாப்ளே. நாற்காலிக்கு மெத்தை போடச் சொல்றேன்."

வெந்நீர்ப் பாத்திரம் தூணின் தலைக்கு மேலே பறந்து சுவரில் மோதி நசுங்கியது. தூண் கதவைத் திறக்கும் சிரமத்தைக்கூடப் பாதிதான் எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

மறுநாள் சுத்தியல் வேலைக்குப் போகும் வழியில் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனான். வரலாற்றின் மேஜையில் பசை, கத்தரிக்கோல், பழைய ஆறாம் பக்கங்கள். அடுத்த வாரத்து நாட்களையெல்லாம் அவர் ஏற்கெனவே ஒட்டி முடித்திருந்தார்.

"சார், அந்த ஆட்டத்துல ஜெயிச்சது நான்."

வரலாறு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆதாரம்?"

சுத்தியல் கையைக் காட்டினான். முட்டிகள் மேடும் பள்ளமுமாக இருந்தன.

"இது கை. நான் கேட்டது ஆதாரம். இதோ பாருங்க படம். கிடக்கறது யாரு?"

"நான்தான். எந்திரிச்சுட்டேன் சார்."

"எந்திரிச்ச படம் எங்கே?"

"உங்க ஆளு சாப்பிடப் போயிட்டாரு."

"இதோ பாருங்க தம்பி. வருஷா வருஷம் வந்ததை இப்ப மாத்தினா, அந்த மன்னன் கதையும் தப்பா இருக்குமோன்னு ஜனங்க கேப்பாங்க. தளபதியைச் சந்தேகப்படுவாங்க. ஒரு செங்கல்லை உருவினா கட்டடமே இறங்கிடும். வரலாற்றைத் திருத்தற வழக்கம் இங்க இல்ல. புதுசா ஏதாவது நடந்தா, போடுவோம்."

"புதுசா நடந்தா போடுவீங்களா?"

"கண்ணால பாத்தா, அவசியம் போடுவேன்."

சுத்தியல் இடுப்பிலிருந்த ஐஸ் கொக்கியை எடுத்தான். அதை வரலாற்றின் சட்டைக் காலரில் மாட்டி, பனிப்பாளத்தை இழுக்கும் அதே பழக்கத்தில், மேஜையின் குறுக்கே ஓர் இழுப்பு. பசைப் புட்டி உடைந்தது. கத்தரிக்கோல் வரலாற்றின் தொடையில் ஆழமாகக் கோடு போட்டது. மூக்கு மேஜை விளிம்பில் இடித்து, அடுத்த வாரம் முழுவதும் சிவப்பானது. அவரை வாசல்வரை தரையோடு இழுத்துப்போய், முகத்தருகே குனிந்து சுத்தியல் சொன்னான்:

"பத்தொன்பதாம் தேதி விழாவுக்கு வந்துடுங்க சார். கண்ணால பாக்கலாம்."

அலுவலகத்தில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வரலாறு இழுபடுவது அவர்களுக்குப் புதிதல்ல.

பத்தொன்பதாம் தேதி காலை, அரங்க வாசலில் மேடை, ஒலிபெருக்கிகள், பட்டுத் திரை மூடிய கருங்கல். ஒரு பக்கம் மேயரின் உயரத்துக்கு ஒரு கேக். வரலாறு கழுத்துப் பட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். போட்டோகிராபர் இந்த முறை சாப்பிட்டுவிட்டே வந்திருந்தார், அனுபவம்.

மேயர் மைக்கைப் பிடித்தார். "மன்னர்கள் ஆண்டதும் இந்த நாள். தளபதிகள் பிறந்ததும் இந்த நாள். நம் தூண் வென்றதும் இந்த நாள். அடியேன் பிறந்ததும் இந்த நாள். இதெல்லாம் தற்செயல் என்று எவனாவது சொன்னால் அவன் அறிவிலி!"

கைதட்டல் ஓய்வதற்குள் சுத்தியல் மெத்தை போட்ட நாற்காலியிலிருந்து எழுந்தான். சட்டையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தான்.

"மச்சான், எந்திரி."

"மாப்ளே, வேண்டாம். வயசாயிடுச்சு. ரெண்டு பேருக்கும்."

"எந்திரி மச்சான். நாலாவது சுத்து முடிஞ்சு ரொம்ப நேரம் ஆச்சு."

தூண் எழுந்தான். சமாதானமாக இரண்டு கைகளையும் விரித்தபடி அருகில் வந்தான், மேயர் கையிலிருந்த மைக்கைச் சட்டென்று பிடுங்கி சுத்தியலின் கிழிந்த காதிலேயே அடித்தான். அந்தச் சத்தம் எல்லா ஒலிபெருக்கிகளிலும் இடியாக இறங்கியது. பழைய தையல் பிரிந்து கழுத்து வழியாக ரத்தம் வழிந்தது. சுத்தியல் முழங்காலில் விழுந்தான். தூண் விடவில்லை, முகத்தில் முழங்காலால் ஒன்று, முதுகில் முழங்கையால் இரண்டு. பயிற்சியாளர் அல்லவா, மாணவர்களுக்குச் செய்யக் கூடாது என்று கற்றுக்கொடுத்த எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தான்.

"பாத்தியாடா? அன்னைக்கும் இப்படித்தான்!" என்று மைக்கில் கத்தினான். அவனுக்கே அது உண்மையாகிப்போயிருந்தது.

கூட்டத்திலிருந்து சுத்தியலின் மனைவி எழுந்து கத்தினாள். "அண்ணன் இடது பக்கம் திறந்து வெப்பாங்க! மூச்சு வாங்குது பாருங்க, இடது பக்கம்!" சொல்லிவிட்டு, சொன்னதற்காக முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

சுத்தியல் முழங்காலில் இருந்தபடியே இடது விலாவில் குத்தினான். மைக் தூணின் மார்பருகே இருந்ததால் எலும்பு முறிந்தது ஊர்க்கோடிவரை கேட்டது. எழுந்து வாயில் ஒன்று. பற்கள் மேடைப் பலகையில் சோழி போல உருண்டன. தூண் மறுபடி அடித்தான். சுத்தியலின் கண்புருவம் பிளந்து ஒரு கண் மூடியது. மறு கண்ணால் பார்த்து, மூடாத அந்த வலக்கையை, மூட முடியாது என்று வைத்தியர்கள் சொன்ன கையை, அவன் இடக்கையால் விரல் விரலாக அமுக்கி முஷ்டியாக்கினான். அதை நெற்றிப்பொட்டில் இறக்கினான்.

இரண்டு பேருக்கும் வலித்தது. தூண் பின்னால் போய்ப் பட்டுத் திரையோடு கல்லில் மோதினான். கல் பிளந்தது. திரை தானாக விலகியது. விழாவின் முக்கிய நிகழ்ச்சி குறித்த நேரத்தில் முடிந்தது.

கல்லுக்குக் கீழே உட்கார்ந்தவாறே, மைக்கை விடாமல், தூண் ரத்தத்தைத் துப்பித் துப்பிப் பேசினான்.

"போதும்டா... நீதான்டா. அன்னைக்கும் நீதான்... ஆறாவது சுத்து... நான்தான் விழுந்தேன். போதுமா?"

ஒலிபெருக்கிகள் அதை அரங்கத்துக்கும் கடைத்தெருவுக்கும் ஐஸ் பாக்டரிவரைக்கும் சொல்லின. வரலாறு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணால் பார்த்தார், காதாலும் கேட்டார். சுத்தியல் நின்றுகொண்டிருந்தான். ஒரு பக்கம் காது தொங்க, ஒரு கண் மூடியிருக்க, அவன் சிரித்தான். கல்யாணத்தன்றுகூட அவன் அப்படிச் சிரித்ததில்லை என்று அவன் மனைவி பிற்பாடு சொன்னாள்.

அந்த நேரத்தில், கேக் வெட்டும் கத்தியோடு மேயர் பின்னாலிருந்து வந்து அவன் தோளில் கைவைத்தார். கூட்டம் இவ்வளவு கூர்ந்து கவனித்துக்கொண்டிருக்கும் படத்தில் தான் இல்லாமல் போவது அவருக்குப் பொறுக்கவில்லை.

மூடிய கண்ணின் பக்கம் ஒரு கை பட்டால் குத்துச்சண்டைக்காரன் யோசிக்க மாட்டான். சுத்தியலின் இடக்கை சுழன்று மேயரின் தாடையில் முடிந்தது. பல்செட் மேலே போனது, மேயர் கேக்கின் உள்ளே போனார். போட்டோகிராபர் கிளிக் செய்தார். அருமையான படம்.

பிறகு காவலர்கள் மேடையேறினார்கள். யார் ஜெயித்தவன், யார் தோற்றவன் என்று அவர்கள் பேதம் பார்க்கவில்லை. லத்திகளால் இருவரையும் அடித்தார்கள், விழுந்த பிறகும் அடித்தார்கள், கூட்டத்தில் "அவன் ஏற்கெனவே தோத்துட்டான்யா, விடுங்க!" என்று தூணுக்காகப் பரிந்து பேசியவரையும் அடித்தார்கள். சுத்தியலின் வலக்கை மீது ஒரு பூட்ஸ் வெகுநேரம் நின்றது.

ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டில்கள். இரண்டு பேரையும் கட்டில் கம்பியோடு விலங்கு போட்டிருந்தார்கள். இரண்டாம் நாள் தூண் கண் விழித்தான்.

"யாரு ஜெயிச்சா?"

"நான்தான் மச்சான்."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

"சரி. இனிமே பேப்பர்ல சரியா வரும். டிராக்சூட்டுதான் போச்சு."

"வாயைத் திறக்காதீங்க ரெண்டு பேரும்," என்றாள் நடுவில் உட்கார்ந்திருந்த மனைவி, தங்கை. "தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கு. எதுக்கு, பேசறதுக்கா?"

வரலாறும் ஒருநாள் ஆரஞ்சுப் பழங்களோடு நொண்டிக்கொண்டே வந்தார். கட்டிலுக்கு எட்டாத தூரத்தில் நின்றார். "பாத்தேன் தம்பி. முழுசாப் பாத்தேன். சொன்ன சொல் மாற மாட்டேன், போட்டுடுவேன்" என்றார். சுத்தியல், கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கினான். சிறையிலும் நன்றாகத் தூங்கினான் என்று கேள்வி. வழக்குக்கு ஆயுதம் வேண்டும் என்று அவன் வீட்டைச் சோதனை போட்டவர்கள், ஐஸ் கொக்கியையும் அலமாரியிலிருந்த கோப்பையையும் எடுத்துப் போயிருந்தார்கள். கொக்கி திரும்பி வந்தது.

அடுத்த வருடம் பத்தொன்பதாம் தேதி, அவன் மனைவி ஆறாம் பக்கத்தைச் சிறைக்கு எடுத்துப் போனாள். மன்னன் இருந்தான், தம்பிகள் கண்ணில்லாமல் இருந்தார்கள். தளபதி, நடுவர், கத்தி மேதை, பாடகி, எல்லாரும் அவரவர் இடத்தில். பிறந்தநாள் பட்டியலில் மேயர் முதலாவதாக ஏறியிருந்தார். அவருக்குக் கீழே, இதே நாளில், அவர் மீது நடந்த கொலைவெறித் தாக்குதலில் அவர் மயிரிழையில் உயிர் தப்பினார் என்ற செய்தியும், பக்கத்தில் கேக்கும் காலும் தெரியும் அந்தப் படமும். கயவர்களின் பெயரை அச்சிட்டு அவர்களுக்குப் பெருமை சேர்க்கக் கூடாது என்பது மேயரின் உத்தரவு; அதனால் பழைய நான்காம் சுற்றையும் காணோம். பிளந்த கல்லை ஒட்டித் திருப்பி வைத்து, மறுபக்கத்தில் மேயர் உயிர் தப்பியதை வெட்டியிருந்தார்கள்.

சுத்தியல் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே மிஞ்சியிருந்த ஒரு கண்ணால் படித்தான். திருப்பிப் பார்த்தான், பின்பக்கம் மெத்தை விளம்பரம்.

அந்தத் தேதியில் எங்கள் ஊரில் குத்துச்சண்டை எதுவும் நடக்கவில்லை.